அட்டையில் ஏறிய நத்தை

ஒரு புத்தகத்தில் எறும்பளவு எழுத்தில் பிழை இருந்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்து, வட்டம் போட்டு, போன் செய்தும் சொல்லிவிடுவார். யானையளவு எழுத்தில் இருந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. புதிதாகப் புத்தகம் போடுகிறேன் என்று யார் வந்தாலும் நான் சொல்லும் ஒரே ஆலோசனை இதுதான்: அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள், தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று படியுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் திரையில் மூக்கு உரசும் தூரத்தில் உட்கார்ந்து என் திறமையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டத்தோ கிராமாட் என்ற வட்டாரத்தில் அம்மா அப்பாவோடு இருந்தேன். பாயான் பாருவில் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை என்பதை உறவினர் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஏதாவது ஒரு சாமான் வாங்கினால் பெட்டிக்குள் சின்னதாக ஒரு புத்தகம் இருக்கும் அல்லவா, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் செருகிவிடுவீர்களே, அந்தப் புத்தகத்தின் பக்கங்களை அமைப்பவள் நான். ஈரக் கையால் தொடாதே, படம் மூன்றைப் பார், இந்தத் திருகாணியைக் கழற்றினால் நாங்கள் பொறுப்பில்லை, இதையெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் கோடு பிசகாமல் அடுக்குவேன். கோவிலில் யாராவது கேட்டால் அம்மா "புக்கு போடுறா" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார். அதனால் நான் ஒரு எழுத்தாளர் என்று எங்கள் வட்டாரத்தில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். (மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை.)

அந்த நம்பிக்கைதான் வளர்மதி அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது. அக்கா இடைநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அவர் வரைவது நத்தைகளை மட்டும்தான். சின்ன நத்தை, பெரிய நத்தை, மழையில் நனையும் நத்தை, தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும் நத்தை. ஏன் நத்தை என்று கேட்டால், மாடலாக உட்காரவைத்தால் எழுந்து போகாத உயிர் அது ஒன்றுதான் என்பார். அவரும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஓவிய நூல் கொண்டுவரப் போகிறார்களாம். ஒருவர் ஒரு படத்தைத் தொடங்குவார், அடுத்தவர் அதன் மேலேயே ஏதாவது சேர்ப்பார், மூன்றாமவர் முடிப்பார். யார் எதைச் செய்தார் என்று பிரிக்கமுடியாத படங்கள். தலைப்பு, 'கூட்டுக் கலை'. பக்கங்களையும் அட்டையையும் நான் அமைத்துத் தரவேண்டும்.

கலைப் புத்தகம் செய்து பழக்கம் உண்டா என்று அக்கா கேட்டார். நான் அதுவரை தமிழில் ஒரு பக்கம்கூட அமைத்ததில்லை. கலைப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துப் புரட்டியதுகூட இல்லை. "லேஅவுட்னா எல்லாம் ஒன்னுதான் அக்கா" என்றேன், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபடி. இன்று நினைத்தால் அந்த முடியைப் பிடித்து இழுக்கலாம் போல இருக்கிறது.

மற்ற இருவரையும் ஹமீது அண்ணனின் கடையில் சந்தித்தேன். ஹமீது அண்ணன் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கைகழுவிவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை ஓடுகிறதல்லவா, அதன் மேல் வரிசையாக நிற்கும் வளைவுகளைத்தான் படம் எடுப்பார். வளைவு தெரிந்தால் போதும், அதன் கீழே நிற்கும் மனிதரை நகரச் சொல்லிவிடுவார். மூன்றாமவர் கஸ்தூரி, என் வயதுக்காரி. பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வருவாள். பாத்தேக் துணியில் சாயம் ஏற்றுகிறவள். சிவப்புச் சாயம். மற்ற நிறங்களை அவள் நிறமாகவே மதிப்பதில்லை.

உட்கார்ந்த சற்று நேரத்திலேயே ஒன்று புரிந்தது. அக்காவும் ஹமீது அண்ணனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. முந்தைய கண்காட்சியில் படங்களை மாட்டியவர் அண்ணன். அவருடைய வளைவுகள் வாசலில் தொங்கின. அக்காவின் நத்தைகள் கழிவறைக்குப் போகும் வழியில் தொங்கின. அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். அங்கே வந்தவர்கள் யாரும் நத்தையை ரசிக்கும் நிலையில் இல்லை என்று அக்கா சொல்கிறார். ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டு, "அவர்கிட்ட சொல்லும்மா", "அவங்ககிட்ட கேளும்மா" என்று என் வழியாகவே பேசினார்கள். கூட்டாக ஒரு புத்தகம் போடுபவர்களின் நிலைமை இது.

உள்பக்கங்களை நான் எப்படி அமைத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. பழகிய கை பழகிய வழியில்தான் போயிற்று. ஒவ்வொரு ஓவியத்துக்கும் 'படம் 4-அ' என்று எண் கொடுத்தேன். ஒரு நத்தையின் கொம்புகளுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினேன். இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு வெற்றுப் பக்கம் வந்தபோது, தொழிற்சாலையில் செய்வதைப் போலவே நடுவில் சின்ன எழுத்தில் 'இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது' என்று போட்டேன். ஹமீது அண்ணன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆழமா இருக்கும்மா" என்றார். நான் அடக்கத்தோடு தலையாட்டினேன்.

அட்டையில்தான் சண்டை வந்தது. தன் நத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கவேண்டும் என்றார் அக்கா. மூத்தவர் அவர், ஒரு தடவை கழிவறைப் பக்கம் போனது போதும். கடைக்கு வாசல் நடுவில்தான் இருக்கவேண்டும், அதனால் தன் வளைவு நட்டநடுவில் வரவேண்டும் என்றார் அண்ணன். கஸ்தூரி எதற்கும் சண்டை போடவில்லை. "எனக்கு ஒரு மூலையும் வேணாம். பின்னாடி முழுசையும் குடுத்திடுங்க, போதும்" என்றாள்.

நான் யோசித்தேன். ஒரு வார இறுதி முழுக்க யோசித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது தீர்வு பளிச்சென்று வந்தது. அட்டை முழுவதும் கஸ்தூரியின் சிவப்பு, மேலிருந்து சாயம் சொட்டுச் சொட்டாக வழிவது போல. தலைப்பு இரண்டு வரி. மேல்வரியில் சின்னதாக 'கூட்டுக்'. கீழ்வரியில் அட்டையை அடைக்கும் அளவுக்கு 'கலை'. கீழ்வரி தொடங்கும் இடத்தில், எழுத்துக்கெல்லாம் முன்னால், ஓடு சுருண்ட ஒரு நத்தை. 'க'வுக்கும் 'லை'க்கும் நட்டநடுவில் ஒரு வளைவு. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று எழுத்து, நத்தை, வளைவு எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில், ஒரே வெள்ளை நிறத்தில் போட்டேன். சமத்துவம். என்னைப் போன்றவளைத் தொழிற்சாலையில் வைத்திருக்கிறார்களே, ஏதாவது தூதரகத்தில் அல்லவா உட்காரவைத்திருக்கவேண்டும் என்று தோன்றியது.

தலைப்புக்குக் கீழே மூவரின் பெயர்கள். அதற்கும் கீழே 'வடிவமைப்பு: சுமதி' என்று என் பெயர். மேலே இருந்த வரி நீளமாகவும் என் வரி குட்டையாகவும் இருந்தது. கண்ணுக்கு உறுத்தியது. அதை 'திட்டமும் வடிவமைப்பும்: சுமதி' என்று நீட்டினேன். பின்னட்டையில் மூவரும் நிற்கும் புகைப்படம். அண்ணன் கடையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தது. இருவர் பேசிக்கொள்ளாத காரணத்தால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

அட்டையை மூவருக்கும் காட்டினேன். அக்கா அளவுகோல் கொண்டுவந்து நத்தையையும் வளைவையும் அளந்தார். அண்ணன் தன் வளைவின் தூண் கொஞ்சம் மெலிந்து தெரிகிறதோ என்று கேட்டார். கஸ்தூரி அச்சில் இதே சிவப்பு வருமா என்று மட்டும் கேட்டாள். 'கூட்டுக்' என்பதில் அந்த 'க்' வருமா வராதா என்று அக்காவும் நானும் அரைநாள் விவாதித்தோம், இலக்கணம் தெரிந்த இருவருக்குப் போன் போட்டோம். வரும் என்று முடிவானது. ஆக, தலைப்பில் பிழை இல்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

அச்சகத்து அங்கிள் சீனர். தமிழ் படிக்கத் தெரியாது. அட்டையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "மேரா பாகூஸ். ஆடா ஓங் லா" என்றார். சிவப்பு நல்லது, அதிர்ஷ்டம் வரும் என்று அர்த்தம். வீட்டில் அம்மாவிடமும் காட்டினேன். அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"இதான் பேரா?"

"ஆமாம்மா. இதான் பேரு."

"ம். சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியீட்டுக்குத் தலைமை விருந்தினர் வேண்டுமே. வளர்மதி அக்காவின் தாமான் குடியிருப்பில், அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில், ஓய்வுபெற்ற போலீஸ் உயர் அதிகாரி ஒருவர் இருந்தார். அரசு கொடுத்த பட்டத்தை வைத்து எல்லோரும் டத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். மலாய், ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர் என்பதால் தமிழ் பேச மட்டும்தான் வந்தது. ஓய்வுபெற்ற பிறகு பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தார். அக்கா அவர் காலை நடை முடித்து வரும்போது பிடித்து, எங்கள் நாலு பேரின் முதல் கூட்டு முயற்சி, நீங்கள்தான் வந்து வெளியிடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். என்ன முயற்சி என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அட்டையை மட்டும் அனுப்பினார். அன்று மதியமே பதில் வந்தது. தன்னை அழைத்தது மிகப் பொருத்தம், முழுத் தயாரிப்போடு வருகிறேன் என்று. அக்கா அதை எங்கள் எல்லோருக்கும் அனுப்பி, கலை மேல் அவருக்கு இவ்வளவு ஈடுபாடு இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. மேடைக்குப் பின்னால் சுவர் முழுவதும் எங்கள் அட்டை, பேனராக. நத்தை ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே கேசரி, கறிபாப் ஏற்பாடு. அம்மா கோவில் தோழிகள் அத்தனை பேரையும் திரட்டி இரண்டாவது வரிசையில் உட்காரவைத்திருந்தார். ஹமீது அண்ணன் கடையை ஒரு பொழுதுக்கு மூடிவிட்டுத் தன் வேலையாட்களை எல்லாம் கூட்டிவந்திருந்தார். படியேறி வந்தவர்கள் பேனரைப் பார்த்ததும் நின்றார்கள், பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொன்னார்கள். எனக்கு மனம் குளிர்ந்தது.

புத்தக மேசையில் நான்தான் நின்றிருந்தேன். ஒரு ஆண்ட்டி புத்தகத்தை எடுத்து முன்னட்டையைப் பார்த்தார், திருப்பிப் பின்னட்டையில் இருந்த மூன்று முகங்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது உண்மையில் நடந்ததா என்று கேட்டார்.

"எல்லாம் நாங்களே செஞ்சது ஆண்ட்டி. இவங்க மூனு பேரும் செஞ்சாங்க, பிளான் என்னோடது" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவர் புத்தகத்தைச் சத்தம் வராமல் மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து போனார். கலையைப் புரிந்துகொள்ள எல்லோராலும் முடியாது என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

டத்தோ வந்தார். வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை, கையில் ஒரு கோப்பு. புத்தகத்தை வெளியிட்டு, படம் எடுத்து முடிந்ததும் ஒலிபெருக்கி முன்னால் நின்று, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "கூட்டுக் கொலை" என்றார். "இந்த பேரை பார்த்ததும் எனக்கு சந்தோஷமா போச்சு."

முன்வரிசையில் அக்கா என் பக்கம் சாய்ந்து, பாவம், உச்சரிப்புதான் கொஞ்சம் உதைக்கிறது என்றார். நானும் பாவம் என்றேன்.

தனியாக ஒருவன் செய்வதைக் கண்டுபிடிப்பது சுலபம், பலர் சேர்ந்து செய்தால்தான் சிரமம் என்று டத்தோ தொடர்ந்தார். தன் பணிக்காலத்தில் இப்படிப் பலவற்றைப் பார்த்ததாகவும், ஆனால் செய்தவர்களே முன்வந்து, பெயரையும் படத்தையும் போட்டு ஒரு புத்தகம் எழுதியது இதுவே முதல் தடவை என்றும் சொன்னார். கதைதான் என்றாலும் துணிச்சல் வேண்டும் என்று பாராட்டினார். பிறகு கோப்பைத் திறந்து, தான் விசாரித்த ஒரு வழக்கைச் சொல்லத் தொடங்கினார். ஒரு கோப்பிக் கடை முதலாளி, கடைக்குள்ளேயே இறந்து கிடக்கிறார். வேலையாட்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள், அதுவும் ஒரே வார்த்தைகளில். (ஹமீது அண்ணன் மெல்லத் திரும்பித் தன் வேலையாட்களைப் பார்த்தார்.)

நடுவில் நிறுத்திவிட்டு எங்கள் புத்தகத்தைப் புரட்டினார். "இதுலயும் எல்லாம் சரியா வெச்சிருக்காங்க. இங்க பாருங்க, வாசல். ஆள் உள்ள வந்த வழி. இங்க சிவப்புத் துணி. இது தடயம். இந்தப் பக்கத்தை வேணும்னே காலியா விட்டிருக்காங்க. சாட்சியை மறைக்கிறது." அடுத்த பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இந்த நத்தை மட்டும்தான் எனக்கு புரியல."

அப்போதுதான் நான் பேனரை நிமிர்ந்து பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப் போல, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'க'வுக்கு முன்னால் ஓடு சுருண்டு நின்றது நத்தை இல்லை, ஒற்றைக் கொம்பு. 'க'வுக்குப் பின்னால் நின்றது வளைவு இல்லை, துணைக்கால். அப்புறம் 'லை'. மேலிருந்து சிவப்பு சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. கீழே மூன்று பெயர்கள். அதற்கும் கீழே, திட்டமும் வடிவமைப்பும், நான்.

காதில் ஃபெரியின் சங்கு ஊதுவது போல இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து அழுத்தி, பேனரைக் கண்ணால் காட்டினேன். அக்கா படித்தார். அக்காவின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஹமீது அண்ணனும் படித்தார். கண்காட்சிக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன்.

"அது உங்க நத்தையாலதான்" என்றார் அண்ணன், உதடு அசையாமல்.

"நத்தை மட்டும் இருந்தா 'கெலை'. உங்க வளைவு வந்துதான் கொலை ஆச்சு" என்றார் அக்கா. ஆசிரியை அல்லவா, விடை துல்லியமாக இருந்தது.

கஸ்தூரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எழுந்து படியிறங்கி அப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இப்படிப்பட்ட வழக்குகளில் செய்தவர்களைவிடத் திட்டம் போட்டவரைத்தான் முதலில் தேடுவேன் என்றார் டத்தோ. "இங்க அது எழுதியே இருக்கு. சுமதி. யாரும்மா அது, மேல வாங்க."

என் கால்கள் என்னைக் கேட்காமல் மேடையேறின. டத்தோ ஒலிபெருக்கியை அன்போடு என் பக்கம் திருப்பினார். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது உண்மை.

"யாருக்கும் மனசு கஷ்டமாயிடக்கூடாதுன்னுதான் டத்தோ இப்படி செஞ்சேன்."

சபையில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகப் பரவியது. அடக்கிவைத்திருந்தவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். டத்தோ மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. அது நத்தை, இது நடைபாதை வளைவு, இடையில் இருப்பது கலை என்று சொன்னேன். அவர் பேனரைப் பார்த்தார். கொம்பும் காலும்தான் அவருக்குத் தெரிந்தன. பேரப்பிள்ளைகள் கற்றுக்கொடுத்தது அப்படி. நான் போய் நத்தையை இரண்டு கையாலும் மறைத்தேன். மறைக்க முடியவில்லை. அது என்னைவிட அகலம். அதோடு வளைவையும் மறைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

வளர்மதி அக்கா எழுந்தார். மேடையேறி, முந்தானையை விரித்துப் பிடித்து, தன் நத்தைக்கு முன்னால் நின்றார். முன்னால் நிற்கவேண்டும் என்று அத்தனை நாள் போராடிய நத்தை. ஹமீது அண்ணனும் எழுந்துபோய்த் தன் வளைவுக்கு முன்னால் கால் அகட்டி நின்றார். கடையில் பரிமாறிப் பரிமாறி அண்ணனுக்கு நல்ல அகலம், வளைவு முழுதாக மறைந்தது. இருவருக்கும் இடையில் 'க', அண்ணனுக்கு அப்பால் 'லை'.

டத்தோ விரலைக் காற்றில் வைத்துப் படித்தார். "க. லை. கலை." "ஓ. ஆர்ட்."

கோப்பை மெதுவாக மூடினார். கலையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாதே, தன்னை எதற்கு அழைத்தீர்கள் என்று கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. ஆசையாகத் தயாரித்துக் கொண்டுவந்த பாடத்தை டீச்சர் வேண்டாம் என்று சொன்னது போன்ற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கத்தைவிட வருத்தம் அதிகமானது. பாவம், எத்தனை ஆர்வமாக வந்தார்.

அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"டத்தோ, அந்த கோப்பிக் கடைக்காரரை யாரு செஞ்சதுன்னு சொல்லிட்டுப் போங்க."

சபை முழுவதும் அதையே சொன்னது. ஹமீது அண்ணனின் வேலையாட்கள்தான் அதிக ஆர்வமாக இருந்தார்கள். டத்தோவின் முகம் மலர்ந்தது. கோப்பைத் திறந்தார். அந்த வழக்கையும், அதற்குப் பிறகு இன்னொன்றையும் சொன்னார். கீழே கேசரி ஆறிப்போனது, யாரும் நகரவில்லை. தலைப்பு மறுபடி மாறிவிடக்கூடாதே என்று அக்காவும் அண்ணனும் அவர் பேசி முடிக்கும்வரை பேனருக்கு முன்னால் அப்படியே நின்றார்கள். முதலில் விறைப்பாகத்தான் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் 'க'வின் குறுக்கே குனிந்து ஏதோ கேட்டார், அக்கா ஏதோ சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்து டத்தோவுக்குக் கேட்காமல் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள். கழிவறை வெளிச்சத்தைப் பற்றித்தான் இருக்கவேண்டும்.

அன்று மதியம் வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் அம்மாவிடம் கேட்டேன். அட்டையைக் காட்டியபோதே தெரிந்ததா?

"தெரிஞ்சுச்சு. நீங்கல்லாம் படிச்ச புள்ளைங்க, மாடர்ன் ஆர்ட்டு, ஏதாச்சும் அர்த்தம் இருக்கும்னு நெனச்சேன் லா."

அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே, இனிமேல் வீட்டில் யார் எந்தத் திட்டம் போட்டாலும் முதலில் போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றார். அன்று தொடங்கியது அந்தக் கேலி. மறுநாள் தொழிற்சாலையில், நான் அமைத்துவைத்திருந்த எச்சரிக்கைப் பக்கங்களை எல்லாம் எழுந்து தள்ளிநின்று படித்தேன். பக்கத்து மேசைக்காரிக்கு ஏன் என்று விளங்கவில்லை.

நத்தையின் மேலும் வளைவின் மேலும் ஒட்டுவதற்குச் சிவப்புத் தாள் வெட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம், பிரதிகளை இறக்கிவைத்திருந்த ஹமீது அண்ணன் கடைக்குப் போனேன். ஒட்டுவதற்குப் புத்தகம் இல்லை. டத்தோ சொன்ன வழக்கு உள்ளே இருக்கும் என்று நம்பிப் பலர் வாங்கிப் போயிருந்தார்கள். அக்காவும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அண்ணன் தானே மீன்குழம்பு ஊற்றினார். இரண்டாவது புத்தகத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்கு அட்டையில் படமே வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

என் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதும் அதே நிலைமை. நான் ஒரு மயில் போடலாம் என்றேன். மயில் எந்த எழுத்தாக மாறும் என்று எவருக்கும் தெரியாது என்று அப்பா தடுத்துவிட்டார். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து மட்டும். ஈப்போவிலிருந்து பெரியப்பா போன் செய்து, யார் தவறிப்போனது என்று கேட்டார். கல்யாணத்துக்கு டத்தோவும் வந்தார். மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, பெண் திட்டம் போடுவதில் கெட்டிக்காரி, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று வாழ்த்தினார். என் கணவர் இன்றும் நான் போட்டுக் கொடுக்கும் தேநீரை என்னைக் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார், அதுவும் விருந்தாளிகள் முன்னால்.

புத்தகத்தின் ஒரு பிரதியை அக்கா நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். கலைப் பிரிவில் தேடினேன், இல்லை. துப்பறியும் கதைகள் இருக்கும் அலமாரியில் இருந்தது, முனைகள் மழுங்கி, பலர் கைபட்ட அழுக்கோடு. மாற்றி வைக்கலாமா என்று கேட்டேன். இங்கே இருந்தால் ஆட்கள் எடுத்துப்போகிறார்கள், அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள் என்றார் நூலகப் பெண். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

புரட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே காலியாக விடப்பட்ட பக்கத்தில், யாரோ ஒரு வாசகர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'கடைசி வரை படித்துவிட்டேன். கொலை எங்கே?'

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: 'அட்டையில்.'

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று தனக்குத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டார். ஆனால் 'ட'வை அப்படிப் பெட்டி போலச் சதுரமாகப் போடுகிறவர் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான்.